கொட்டுற மழையை விட, விட்ட மழைதான் ஆபத்து! டெங்கு கொசு பெருகுவது எப்படி?

சென்னையில் வடகிழக்கு பருவமழை தொடங்கினாலே டெங்கு பீதியும் கூடவே வந்துவிடுகிறது. தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றால் போதும், ‘இனி வீட்டுக்கு வீடு காய்ச்சல்தான்’ என்று ஜனங்கள் புலம்ப ஆரம்பித்து விடுகிறார்கள்.

கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. 2015 டிசம்பரில் சென்னையே மூழ்கியது. அடுத்த ஆண்டு தமிழகம் முழுக்க டெங்கு பாதித்தவர்கள் 2 ஆயிரத்து 531 பேர். அப்படி ஒரு வெள்ளம் வராத 2017-ல் 23 ஆயிரத்து 294 பேருக்கு டெங்கு. 65 பேர் பலியானார்கள். வைரஸ் வகை மாறுவது உள்பட இதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் வெள்ளம் வந்தால் டெங்கு கூடும் என்பது எப்போதும் பலிப்பதில்லை.

அடைமழை கொசுப்புழுவை அடித்துக் கொண்டு போய்விடும். மழை விட்டு நாலு நாள் வெயில் அடிக்கும்போதுதான் வினையே. மொட்டை மாடி டயர், தேங்காய் ஓடு, மூடாத டிரம் என்று நல்ல தண்ணீர் தேங்கும் இடமெல்லாம் ஏடிஸ் கொசு முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகி பறந்துவிடும். டிரம்மில் ஒட்டிய முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதனால் கொட்டினால் மட்டும் போதாது, நார் போட்டு தேய்க்கணும்.

கூவத்தில் மொய்க்கிறதே, அது க்யூலெக்ஸ். ராத்திரி கடிக்கும், டெங்கு பரப்பாது. டெங்கு கொசு கடிப்பது பகலில். ‘புகை அடிக்க வரலையே’ என்று கோபப்படுகிறோம். புகையில் பறக்கிற கொசுதான் சாகும், டிரம்மில் நெளியும் புழு அப்படியே இருக்கும்.

குழாயில் தினமும் தண்ணீர் வராத வீட்டுக்காரர் டிரம்மில் பிடிக்காமல் என்ன செய்வார்? அவரிடம் காட்டும் கண்டிப்பை, லிப்ட் குழியில் தண்ணீர் தேக்கி வைக்கும் அடுக்குமாடி கட்டுமானங்களிடமும் காட்டணும்.

கூலி போகுமே என்று ஒரு ஊசி போட்டுக்கொண்டு, காய்ச்சல் குறைந்த மறுநாளே வேலைக்கு ஓடுபவர்கள் மாட்டிக்கொள்ளலாம். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் கண்டம். அப்போது விடாத வயிற்று வலி, வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுவது இருந்தால் உடனே அரசு ஆஸ்பத்திரிக்கு போய்விட வேண்டும்.