அடுத்த வீட்டுப் புகை

பனிச்சங்கேணிப் பாலத்தடித் தேத்தண்ணிக் கடையில் சேர் தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர். களப்புக் காற்றில் கண்ணாடி பூத்துப்போயிருந்தது. சாரத்து நுனியால் துடைத்துப் போட்டுக்கொண்டு, "பார் தம்பி, எங்கட பென்சனிலயும் கைவைச்சிட்டானுகள்" என்றார்.

2025 நிதிச் சட்டத்தின்படி ஓய்வு பெற்றவர்களுக்கு இனி அகவிலைப்படி உயர்வு கிடையாதாம், ஊதியக் குழுவின் பலனும் கிடையாதாம். அதிகம் பகிரவும் என்று கீழே ஒரு சிவப்பு வரி.

"சேர், அகவிலைப்படி எண்டா என்ன?"

யோசித்தார். "அலவன்ஸ்தானே."

"எங்கட சுற்றறிக்கையில எப்பவாவது அந்தச் சொல்லைக் கண்டிருக்கிறீங்களா?"

கண்டதில்லை. ஆனாலும் மனிதர் விடவில்லை. "நெருப்பில்லாமப் புகையுமா தம்பி?"

இந்தக் கேள்விக்கு முன்னால் எல்லா வாதமும் படுத்துவிடுகிறது. வாழைச்சேனைச் சந்தையிலும் பஸ்ஸிலும் சாவீட்டிலும் இதைக் கேட்டிருக்கிறேன். வதந்தி முழுக்க உண்மையாக இல்லாவிட்டாலும் அதில் காலணாப் பங்கு உண்மை இருக்கும் என்பது நம் எல்லோருடைய எண்ணம். படித்தவர்களுக்கு இந்த எண்ணம் இன்னும் கொஞ்சம் கூட. நான் சொல்கிறேன், இந்தக் காலணாக் கணக்குத்தான் நம்மை ஏமாற்றுகிறது.

சேரின் செய்தியையே எடுப்போம். அது 2025 நவம்பரில் இந்தியாவில் சுற்றிய செய்தி. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் பணியகம் அது பொய் என்று அப்போதே அறிவித்தது. மத்திய அரசு ஊழியருக்கான 2021ஆம் ஆண்டு ஓய்வூதிய விதிகளில் 37ஆம் விதியைத் திருத்தியிருந்தார்கள். அரசுத் துறையிலிருந்து பொதுத்துறை நிறுவனம் ஒன்றுக்கு உள்வாங்கப்பட்டவர், அங்கே முறைகேடு செய்து வேலைநீக்கம் செய்யப்பட்டால் அவருடைய ஓய்வூதியப் பலன்கள் போய்விடும் என்பதுதான் திருத்தம். அவ்வளவுதான் சங்கதி.

ஆக, நெருப்பு இருந்தது, மறுக்கவில்லை. புதுடில்லியில், யாரோ களவெடுத்துப் பிடிபட்ட உத்தியோகத்தருடைய அடுப்பில், ஒரு சுள்ளி அளவு. அந்தப் புகை பாக்கு நீரிணையைத் தாண்டி வந்து வாகரைப் பக்கத்தில் ஓய்வு பெற்ற வாத்தியாரின் கண்ணைக் கரிக்கிறது. புகை எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று பழமொழி சொல்வதில்லை.

தமிழில் எழுதியிருப்பதெல்லாம் தமக்கு எழுதியது என்று எடுத்துக்கொள்வது நம் ஆட்களின் பழக்கம். உண்மையில் சொல்லே காட்டிக்கொடுக்கும். அங்கே அரசாணை, இங்கே சுற்றறிக்கை. அங்கே கருவூலம், இங்கே திறைசேரி. அங்கே மாவட்ட ஆட்சியர், இங்கே அரசாங்க அதிபர். அவர்கள் சதவீதம் என்பார்கள், நாங்கள் வீதம் என்போம். அவர்கள் கோடியில் கணக்குச் சொல்வார்கள், நமது வரவு செலவுத் திட்டமோ மில்லியனில்தான் பேசும். அகவிலைப்படிக்கு இங்கே வாழ்க்கைச் செலவுப் படி என்று பெயர். பரீட்சைத் தாளில் பிள்ளை ஓர் எழுத்து மாறி எழுதினாலும் வட்டம் போட்ட சேருக்கு, வட்ஸ்அப்பில் ஒரு சொல் அந்நியமாய்க் கிடப்பது கண்ணில் படவில்லை. பயம் வந்தால் கண் மங்கிவிடும் போல.

உள்ளூர்ப் புகையும் உண்டு. பென்சன் என்று நாங்கள் சொல்லும் காசு ஒன்றல்ல. ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பின்படி அரச உத்தியோகத்தருக்குக் கிடைப்பது ஒன்று. விதவைகள், அநாதைகள் ஓய்வூதியம் இன்னொன்று. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் விவசாயிகளுக்கும், 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் கடற்றொழிலாளருக்கும் சந்தா கட்டிப் பெறும் திட்டங்கள் வேறு. அஸ்வெசும உதவித் திட்டத்தில் முதியவர்களுக்குக் கொடுப்பதையும் கிழவிகள் பென்சன் என்றுதான் சொல்வார்கள். "பென்சன் கூடுதாம்" என்று ஒரு குரல் பதிவு வந்தால் இந்த ஐந்து கூட்டமும் ஒரே நேரத்தில் எழும்பும். எந்தப் பென்சன் என்று கேட்க ஒருவரும் இல்லை.

2023 நடுப்பகுதியில் இந்தக் குழப்பம் உச்சத்துக்குப் போனது. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு ஜூலை முதலாந் திகதி பாராளுமன்றத்தில் நிறைவேறியது. ஓய்வூதிய நிதியங்கள் பாதிக்கப்படும் என்று செய்தி. அது ஊழியர் சேமலாப நிதியம் போன்றவற்றைப் பற்றியது. அந்த நிதியங்கள் தங்கள் கையிலிருந்த அரச முறிகளை மாற்றிக்கொள்ள வேண்டும், மாட்டோம் என்றால் 14 வீத வரி 30 வீதமாகும். தனியார் துறைத் தொழிலாளியின் வயிற்றெரிச்சல் நியாயமானது. ஆனால் அரச உத்தியோகத்தரின் மாதப் பென்சன் எந்த நிதியத்திலிருந்தும் வருவதல்ல, ஒவ்வொரு வருடமும் திறைசேரியிலிருந்து ஒதுக்கப்படுவது. ஓய்வூதிய நிதியம் என்ற இரண்டு சொல்லில் முதற்சொல்லை மட்டும் வாசித்துவிட்டு எத்தனை பேர் அந்த மாதம் நித்திரையில்லாமல் கிடந்தார்கள்.

இவ்வளவு சொன்னாலும், எங்கள் கரையோரச் சனத்தை மூடநம்பிக்கைக்காரர் என்று ஏசுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். இங்கே வாய்ச்சொல் உயிரைக் காத்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 காலை எந்த வானொலியும் எங்களுக்கு எச்சரிக்கை தரவில்லை. "கடல் வருகுது" என்று கத்திக்கொண்டு ஓடியவனைப் பின்தொடர்ந்தவன் தப்பினான். 2006 கடைசியில் ஷெல்லடிக்குள் கிடந்து, 2007 ஜனவரியில் வாகரை இராணுவத்தின் கைக்கு வரும்வரை, எந்தப் பாதையால் வெளியேறலாம் என்பதைப் பக்கத்து ஆள் காதோடு சொன்னதில்தான் தெரிந்துகொண்டார்கள். 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திரா அதிர்ந்தபோதும் ஓடினார்கள். பெரிய அலை வரவில்லை, ஆனால் ஓடியது சரி. ஓடாமல் நின்று பார்ப்பதன் விலை உயிர் என்றால், ஆராயாமல் ஓடுவதுதான் அறிவு.

பென்சன் சுனாமி அல்ல. பத்து நிமிடத்தில் யாரையும் விழுங்காது. கடலுக்குப் பயந்து ஓடிய கால்களோடு கந்தோருக்கும் ஓடுவதுதான் பிழை.

நானும் ஒருமுறை ஓடவைத்தேன். 2020 ஜனவரி முதலாந் திகதிக்கு முன் ஓய்வு பெற்றவர்களின் பென்சன் 2025, 2026, 2027 ஜூலை மாதங்களில் மூன்று கட்டமாகத் திருத்தப்படும் என்று 2025 வரவு செலவுத் திட்டம் சொன்னது. மூன்று கட்டத்தையும் ஒன்றாகவே, பழைய நிலுவையோடு போடப்போகிறார்கள் என்று ஒரு படம் வந்தது. அரச இலச்சினை, கையொப்பம் எல்லாம் இருந்தது. நல்ல செய்தி பாருங்கள், நல்ல செய்தியை யார் சந்தேகப்படுகிறார்கள்? நாலு பேருக்கு அனுப்பினேன். அதில் ஒரு அக்கா முழங்கால் வருத்தத்தோடு பஸ் பிடித்துக் கந்தோருக்குப் போய், வெறுங்கையோடு திரும்பி வந்து, என்னை ஒன்றும் சொல்லவில்லை. அவ திட்டியிருக்கலாம். பிறகு அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுற்றறிக்கை இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்துகள் கரைந்து கிடந்தன.

வதந்தியில் தவறாமல் ஒரு சொல் இருக்கும்: இரகசியமாக. ஆறேழு லட்சம் பேருக்குக் கொடுக்கும் காசை இரகசியமாக எப்படி வெட்டுவது? அமைச்சரவை முடிவெடுக்க வேண்டும், ஓய்வூதியப் பணிப்பாளர் நாயகம் இலக்கமிட்ட சுற்றறிக்கை அனுப்ப வேண்டும், நாட்டிலுள்ள எல்லாப் பிரதேச செயலகங்களின் ஓய்வூதியப் பிரிவும் கணக்கைத் திருத்த வேண்டும். ஒரு பிறந்தநாள் விருந்தைக்கூட ஒளிக்கத் தெரியாத கந்தோர்களா இதை ஒளிக்கப்போகின்றன? உண்மையான பெரிய அடி பகல் வெளிச்சத்தில்தான் விழுந்தது. ஓய்வு வயதை 65 ஆக்கியது 2021 நவம்பரில் வாசித்த வரவு செலவுத் திட்டம். அதை 60க்கு இறக்கியது 2022 ஓகஸ்ட் 30இல் வந்த இடைக்கால வரவு செலவுத் திட்டம். அந்த வருடம் டிசம்பர் 31இல் ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் வீட்டுக்குப் போனார்கள். எல்லாம் பாராளுமன்றத்தில், கமெராவுக்கு முன்னால்.

இதற்கு சேரிடம் பதில் இருந்தது, பலமான பதில். "2016க்கும் 2019க்கும் இடையில போனவங்களுக்குத் திருத்தின பென்சனைத் தாறம் எண்டு சுற்றறிக்கை போட்டுத்தானே 2020 தொடக்கத்தில நிப்பாட்டினானுகள்? அப்ப சுற்றறிக்கையை மட்டும் எப்படி நம்புறது?"

உண்மை. கொடுத்ததைத் திரும்ப வாங்கும் அரசாங்கம் வதந்திக்கு எண்ணெய் ஊற்றுகிறது. ஆனால் அந்த ஓய்வூதியக்காரர் வருடக்கணக்காகப் போராட முடிந்தது கையில் அந்தக் கடுதாசி இருந்ததால்தான். 2011இல் தனியார் துறை ஓய்வூதியச் சட்டமூலத்தை எதிர்த்துக் கட்டுநாயக்கத் தொழிலாளர் தெருவுக்கு வந்தார்கள். பொலிஸ் சுட்டு ரொஷேன் சானக என்ற இளைஞன் இறந்தான். சட்டமூலம் வாபஸானது. அவர்கள் எதிர்த்தது அச்சிட்ட ஒரு சட்டமூலத்தை, யாரோ அனுப்பிய குரல் பதிவை அல்ல. ஒவ்வொரு மாதமும் இல்லாத வெட்டுக்காகப் பதறிக் களைத்தவன், உள்ள வெட்டு வரும் நாளில் எழும்ப மாட்டான். "உயிர்வாழ் சான்றிதழ் இனித் தேவையில்லையாம்" என்று ஒரு செய்தி வந்தால் அதையும் நம்பி வீட்டில் இருந்துவிடுவான். அப்போது நிற்கும் பென்சன் நிசமாகவே நிற்கும்.

சேர் தேத்தண்ணியை ஒரே மிடறில் குடித்தார், ஆறிப்போயிருந்தது. போனை எடுத்து அந்தச் செய்தியை அழிப்பார் என்று பார்த்தேன். அழிக்கவில்லை, சட்டைப் பைக்குள் வைத்தார்.

"சரி தம்பி, இது இந்தியாட புகை. 2027 ஜூலையில எங்கட மூண்டாங் கட்டத்தைத் தருவானுகளா?"

அதற்கு என்னிடமும் சுற்றறிக்கை இல்லை.