சிபிலில் பெயர் இல்லாதவரின் முதல் கடன்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ, தேர்வாய்கண்டிகையிலோ, திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் தொழிற்பேட்டையிலோ ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்து வேலைக்குச் சேரும் இளைஞருக்கு முதல் மாதமே சேலரி அக்கவுண்ட் கிடைத்துவிடுகிறது. பி.எஃப். எண்ணும் வந்துவிடுகிறது. கடன் வரலாறு மட்டும் இருப்பதில்லை. ஷிப்டுக்குப் போய்வர ஒரு பைக் வாங்கலாம் என்று ஷோரூமில் பான் எண்ணைக் கொடுத்தால், "சிபில்ல ஒண்ணும் காட்டலையே" என்ற பதில் வருகிறது. கூடவே, முன்பணத்தைக் கூட்டு, ஜாமீனுக்கு ஆள் கொண்டுவா, வட்டி கொஞ்சம் அதிகமாகும் என்ற நிபந்தனைகளும் வருகின்றன.

சிபில் என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், இந்தியாவில் கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க். 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ், ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பில் இவை இயங்குகின்றன. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தாங்கள் கொடுத்த ஒவ்வொரு கடனின் கணக்கையும் இவற்றுக்கு அனுப்பியாக வேண்டும். அதிலிருந்து 300 முதல் 900 வரையிலான மதிப்பெண் பிறக்கிறது. 750-க்கு மேல் இருந்தால் வங்கிகள் தயங்குவதில்லை. கடனே வாங்காதவருக்கு இந்த வரிசையில் இடமில்லை. சிபில் அறிக்கையில் அவர் பெயருக்கு எதிரே –1 என்று இருக்கும். மதிப்பிட ஒன்றும் இல்லை என்பதுதான் இதன் பொருள். இதைக் கெட்ட மதிப்பெண் என்று எடுத்துக்கொண்டு பலர் வீணாகக் குன்றிப்போகிறார்கள்.

கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக, முதல்முறை கடன் கேட்பவரின் விண்ணப்பத்தைத் தள்ளக்கூடாது என்று 2025 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் ரிசர்வ் வங்கி கடன் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. கடனுக்குக் குறைந்தபட்ச மதிப்பெண் எதையும் ரிசர்வ் வங்கி நிர்ணயிக்கவில்லை என்பதை, அதே ஆண்டு ஆகஸ்டில் மத்திய நிதித்துறை இணை அமைச்சர் நாடாளுமன்றத்தில் தெளிவுபடுத்தினார். கவுன்ட்டரில் இந்தச் செய்தி தெரியாத ஊழியர்கள் உண்டு. சம்பளச் சீட்டு, ஆறு மாத வங்கி ஸ்டேட்மென்ட், பி.எஃப். பாஸ்புக் ஆகியவற்றை வைத்து விண்ணப்பத்தைப் பரிசீலிக்கக் கேட்பது விண்ணப்பதாரரின் உரிமை.

ஒருவர் பண விஷயத்தில் எவ்வளவு நாணயமானவர் என்பதற்கு இந்தப் பகுதியில் பல சாட்சிகள் உண்டு. ஏலச்சீட்டில் ஒரு தவணையும் தவறாத அம்மாக்கள், மளிகைக் கடைப் பற்றைச் சம்பளத்தன்றே தீர்க்கும் குடும்பங்கள், கைமாற்றைச் சொன்ன நாளில் திருப்பும் அறைத் தோழர்கள் எல்லாம் இங்கே இருக்கிறார்கள். இவற்றில் எதுவும் சிபிலுக்குத் தெரியாது. வீட்டு வாடகை, டெபிட் கார்டு, வங்கிக் கணக்கிலிருந்து செய்யும் யு.பி.ஐ. பரிமாற்றம் ஆகியவையும் சேராது. அடகுக் கடையில் வைத்த நகைக்கு அங்கே பதிவில்லை. வங்கியிலோ பதிவு பெற்ற நிதி நிறுவனத்திலோ வைத்த நகைக்கடன் பதிவாகும். வீட்டில் எப்படியும் நகை வைக்க வேண்டிய தேவை வந்தால், சம்பாதிக்கத் தொடங்கிய பிள்ளை தன் பெயரில் வங்கியில் வைத்து, கெடுவுக்குள் திருப்புவது வரலாறு தொடங்க நல்ல வழி.

தனக்கு வரலாறே இல்லை என்று நினைப்பவர்களில் சிலருக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. அதுதான் கல்விக்கடன். ஃபாரத்தில் அப்பா இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட்டிருப்பார், வங்கிக்குப் போய்வந்ததும் அவராகவே இருக்கும். ஆனால் கடன் மாணவரின் பெயரில்தான் நிற்கிறது. படிப்பு முடிந்து பொதுவாக ஓராண்டு கழித்துத் தவணை தொடங்கும்போது மாணவர் வேறு ஊரில், வேறு செல்போன் எண்ணுடன் இருப்பார். வங்கியின் நினைவூட்டல் பழைய எண்ணுக்கும் பழைய விலாசத்துக்கும் போய்க்கொண்டிருக்கும். இரண்டு ஆண்டு கழித்து பைக் லோன் மறுக்கப்படும்போதுதான் விஷயம் வெளியே வரும். தவணை தவறுவது வேலையையே தட்டிவிடும் அளவுக்குப் போகலாம். தனிநபர் கடனிலும் கிரெடிட் கார்டிலும் தவணை தவறிய பதிவு இருந்ததால் ஓர் இளைஞரின் அதிகாரி நியமனத்தை ஸ்டேட் வங்கி ரத்து செய்தது. கடன்களை முடித்துவிட்டதாக அவர் வாதிட்டும், வங்கியின் முடிவு சரியே என்று 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மதிப்பெண் எந்தச் சூத்திரத்தில் பிறக்கிறது என்பதைக் கடன் தகவல் நிறுவனங்கள் முழுமையாக வெளியிடுவதில்லை. ஆனாலும் எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது தேதிக்குப் பணம் கட்டுவதுதான். தொழிற்பேட்டைத் தொழிலாளி தடுக்கி விழும் இடமும் அதுவே. காரணம் பெரும்பாலும் நாணயக் குறைவு அல்ல, நாட்காட்டி. மாதச் சம்பளத்துக்குச் சட்டம் வைத்திருக்கும் கெடு அடுத்த மாதம் 7-ஆம் தேதி. கான்ட்ராக்டர் மூலம் வேலை செய்பவருக்கு அது 10, 12 என்று தள்ளிப்போவதும் நடக்கிறது. பைக் டியூவோ 5-ஆம் தேதி என்று ஷோரூமிலேயே எழுதப்பட்டிருக்கும். கையெழுத்துப் போடும் அவசரத்தில் அந்தத் தேதியை யாரும் பார்ப்பதில்லை. 2021 ஆகஸ்டு முதல் ஆட்டோ டெபிட் ஞாயிறு, விடுமுறை நாட்களிலும் நடக்கிறது. அக்கவுண்டில் பணமில்லை என்றால் வங்கி ஓர் அபராதம் பிடிக்கும், கடன் கொடுத்த நிறுவனம் பவுன்ஸ் கட்டணம் என்று இன்னொன்று போடும். ஓ.டி. பார்த்துச் சேர்த்த பணம் இப்படிக் கரைவது பெரிய அநியாயம்.

முன்பு கடன் நிறுவனங்கள் மாதம் ஒருமுறை தகவல் அனுப்பின. நடுவில் சில நாள் தாமதித்துக் கட்டியவர் தப்பிக்க வாய்ப்பிருந்தது. 2025 ஜனவரி முதல் மாதத்துக்கு இரண்டு முறையாவது, அதாவது 15-ஆம் தேதி நிலவரத்தையும் மாதக் கடைசி நிலவரத்தையும் அனுப்ப வேண்டும் என்று விதி மாறியது. 5-ஆம் தேதி பவுன்ஸ் ஆன தவணையை 16-ஆம் தேதி கட்டினால், இடையில் போன கணக்கில் அது பாக்கியாகவே போய்ச் சேரும். எத்தனை நாள் தாமதம் என்பதும் அறிக்கையில் மாதவாரியாக நிற்கும். ஆகவே வட்டி விகிதத்தைக் கேட்கும் அதே மூச்சில் டியூ தேதியையும் கேட்டு, சம்பள நாளுக்குப் பின் தள்ளி வைக்கச் சொல்ல வேண்டும். மறுத்தால், ஒரு தவணைக்கான பணத்தை எப்போதும் அந்த அக்கவுண்டில் விட்டுவைப்பதுதான் வழி.

இன்னொரு பொறி, கான்ட்ராக்டர் மாறுவது. புது கான்ட்ராக்டர் வேறொரு வங்கியில் சேலரி அக்கவுண்ட் திறக்கச் சொல்வார். சம்பளம் அங்கே விழத் தொடங்கும். டியூ பழைய அக்கவுண்டில் பிடிக்கக் காத்திருக்கும். வேலை மாறிய வாரமே கடன் நிறுவனத்தில் புது அக்கவுண்டுக்கு ஆட்டோ டெபிட்டை மாற்றி, அது பதிவாகும்வரை பழையதில் பணம் போட்டுவர வேண்டும். செல்போன் எண் மாறினால் அதையும் அன்றே சொல்லிவிட வேண்டும்.

வட்டியை எப்படிச் சொல்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு லட்ச ரூபாய் பைக் கடனுக்கு 'ஃபிளாட் 12 சதவீதம், மூன்று வருஷம்' என்றால் வட்டி 36,000 ரூபாய். மாதத் தவணை சுமார் 3,778 ரூபாய். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழு லட்சத்துக்கும் போடப்படுகிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் உண்மையான ஆண்டு வட்டி ஏறத்தாழ 21 சதவீதம். 2024 அக்டோபர் முதல், எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டியைக் காட்டும் முக்கிய விவரத் தாளைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் கொடுப்பது கட்டாயம். அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படித்த பிறகே கையெழுத்து.

கிரெடிட் கார்டு கிடைக்காதவர், வங்கியில் ஃபிக்ஸட் டெபாசிட் போட்டு அதன் பேரில் கார்டு வாங்கலாம். பல வங்கிகள் இதற்குச் சம்பளச் சான்றோ சிபில் மதிப்பெண்ணோ கேட்பதில்லை, டெபாசிட்டுக்கு வட்டியும் நிற்காது. 20,000 ரூபாய் வரம்புள்ள கார்டில் மாதம் ஐந்தாறாயிரத்துக்குள் மளிகை, பெட்ரோல் என்று செலவழித்து, பில்லை முழுவதுமாக அடைத்துவந்தால், ஆறு மாத அளவில் மதிப்பெண் தோன்றத் தொடங்கும். வரம்பில் 30 சதவீதத்துக்குள் பயன்படுத்துவது நல்ல அடையாளம். பில்லில் பெரிதாக அச்சாகும் 'குறைந்தபட்சத் தொகை'யை நம்பினால் கதை மாறிவிடும். 15,000 ரூபாய் பாக்கியை அப்படியே சுழற்றினால், மாதம் மூன்றரை சதவீத வட்டியில் 525 ரூபாய் வட்டிக்கு மட்டும் போகும், அதற்கு ஜி.எஸ்.டி. தனி. முழுத் தொகையையும் கட்ட முடியாது என்று தோன்றுபவருக்குக் கார்டு வேண்டாம்.

இனி, பிறருக்காகப் பெயரைக் கொடுப்பது. நான்கைந்து பேர் சேர்ந்து தங்கும் அறைகளில் இது சாதாரணமாக நடக்கிறது. ஒருவருக்குப் போன் இ.எம்.ஐ. கிடைக்கவில்லை என்றால், அறையில் இருக்கும் இன்னொருவர் தன் ஆதாரையும் பானையும் கொடுத்து எடுத்துத் தருவார். நான்கு மாதம் கழித்து வாங்கியவர் சொந்த ஊருக்குப் போய்விடுவார். ஜிபே-யில் பணம் வருவது நின்றுபோகும். கடன் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் கடன்காரர். போன் யார் கையில் இருக்கிறது என்பது சிபிலுக்குத் தேவையில்லை. ஜாமீன் கையெழுத்தும் இப்படித்தான். அந்தக் கடன் ஜாமீன்தாரரின் அறிக்கையிலும் ஏறும். நட்புக்கு உதவ நினைப்பவர் கையிலிருக்கும் பணத்தைக் கொடுக்கட்டும், பெயரைக் கொடுக்க வேண்டாம்.

ஐந்து நிமிடத்தில் கடன் தரும் ஆப்களில் ஒரே இரவில் நான்கைந்து இடத்தில் முயன்று பார்ப்பதும் கெடுதல். ஒவ்வொரு விண்ணப்பமும் விசாரணையாகப் பதிவாகி, பணத்துக்கு அலைபவர் என்ற தோற்றத்தைத் தரும். ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்கள் பயன்படுத்தும் ஆப்களின் பட்டியல் 2025 ஜூலை முதல் அதன் இணையதளத்தில் இருக்கிறது. அதில் பெயர் இல்லாத ஆப்பை போனில் ஏற்றவே கூடாது. பட்டியலில் இருக்கும் ஆப்பில் வாங்கிய கடன் வேண்டாம் என்று தோன்றினால், குறைந்தது ஒரு நாள் அவகாசத்துக்குள் அபராதமின்றித் திருப்பிவிடலாம்.

கட்ட முடியாமல் போனவரிடம், பாதித் தொகை கொடுத்து 'செட்டில்மென்ட்' செய்துகொள்ளச் சொல்வார்கள். ஏஜென்டின் போன் தொல்லை அத்தோடு நிற்கும். ஆனால் அறிக்கையில் 'செட்டில்டு' என்று பதிவாகி ஏழு ஆண்டாவது இருக்கும். வீட்டுக்கடன் கேட்கும் வயதில் அது எதிரே வந்து நிற்கும். கொஞ்சம் கொஞ்சமாகவேனும் முழுவதையும் கட்டி முடித்து, என்.ஓ.சி. வாங்கி, வாகனக் கடன் என்றால் ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவையும் நீக்குவதே மேல்.

நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு நிறுவனம் என்று வாங்கினால் ஆண்டு முழுவதும் செலவில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். தன் அறிக்கையைத் தானே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. தமிழ்நாட்டில் தலைப்பெழுத்து தரும் குழப்பம் தனி: ஆதாரில் எழுத்தாக இருப்பது பானில் அப்பாவின் முழுப் பெயராக விரியும், வங்கியில் மூன்றாவது விதமாக இருக்கும். ஒரே பெயரும் ஒரே தலைப்பெழுத்தும் உள்ள இன்னொருவரின் கடன் தன் கணக்கில் ஏறியிருக்கவும் கூடும். தவறு இருந்தால் கடன் நிறுவனத்திடமோ கடன் தகவல் நிறுவனத்திடமோ புகார் எழுத வேண்டும். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதற்கும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். உதவிக்கு 14448 என்ற எண்ணை அழைக்கலாம்.

மதிப்பெண்ணுக்காக மட்டும் தேவையில்லாத கடன் எதையும் வாங்க வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் இந்த வார விடுமுறையில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, முதல் இலவச அறிக்கையை எடுத்துப் பார்த்துவிடட்டும்.