வேப்பிலையால் ஆன வெள்ளி வயலுக்கு ஆகுமா?

வேம்பின் குணத்தை நம் குடியானவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆகவே, வேப்பிலைச் சாற்றைக் கொண்டு செய்த வெள்ளி நானோத் துகள் என்று ஒருவர் மருந்து கொணர்ந்தால், இதுவும் வேம்பைப் போல் சாதுவானதே என்று எண்ணுதல் இயல்பு. அவ்வெண்ணம் தவறென்பதே என் அபிப்பிராயம்.

இத்துகள் உண்டாகும் விதம் வருமாறு: வெள்ளி நைட்ரேட் என்னும் உப்பைக் கரைத்த நீரில் இலைக் கஷாயத்தைச் சேர்த்தால், இலையின் சத்துக்கள் வெள்ளியைப் பிரித்து நுண்துகளாக்கி, அவை ஒன்றாய்த் திரளாதபடி காக்கின்றன. திரவம் மஞ்சளாகிப் பின் பழுப்பாவதே அதற்கு அடையாளம். மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு நானோமீட்டர். இத்துகள்கள் 1 முதல் 100 நானோமீட்டர் அளவின. புனேயிலுள்ள தேசிய இரசாயன ஆய்வுக்கூடத்தார் வேப்பிலைக் கஷாயத்தால் பொன்னிலும் வெள்ளியிலும் இவ்வாறு துகள் செய்து 2004-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கடுமையான இரசாயனங்களை விலக்கும் இம்முறை மெச்சத்தக்கதே.

ஆயினும் கஷாயம் செய்முறையைச் சாதுவாக்கிற்றேயன்றி வெள்ளியை அவ்வாறு ஆக்கவில்லை. வெள்ளியினின்று கசியும் அயனிகளே கிருமிகளைக் கொல்கின்றன. நோய்க்கிருமி எது, மண்ணில் தழைச்சத்தைப் பயிருக்குப் பக்குவப்படுத்தும் நற்கிருமி எது என்று அவை பகுத்தறிவதில்லை. மேலும், வேப்பெண்ணெய் நாளடைவில் சிதைந்துபோம். வெள்ளியோ உலோகமாதலின், மண்ணில் உருமாறி வீரியம் குறையலாமேயன்றி அழிவதில்லை.

இதற்குத் தாமிரமே சாட்சி. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவை 1885-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்தில் வழக்கிற்கு வந்தது. தலைமுறை தலைமுறையாய் அதைத் தெளித்த திராட்சைத் தோட்டங்களில் மேல்மண்ணில் தாமிரம் மிகுந்துவிட்டது. ஹெக்டேருக்கு ஏழாண்டுகளில் 28 கிலோவுக்கு மேல் தாமிரம் இடலாகாதென ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் வரம்பு விதித்துள்ளது. போர்டோக் கலவை பயனற்றதென்று எவரும் சொல்லார். கணக்கின்றி இட்டதே தீங்கு.

வெள்ளியை அடியோடு விலக்க வேண்டுமென்பதன்று. தீப்புண்ணுக்குக் கட்டும் வெள்ளி சேர்ந்த துணி நன்மை செய்கிறது. அது வைத்தியர் பார்வையில் புண்ணளவில் நிற்கிறது. அவ்வெள்ளியையே மருந்தென்று நெடுநாள் பருகினால், தோல் மாறாத நீலச் சாம்பல் நிறமடையும். இடமறிந்து, அளவறிந்து இடுவதே மருந்து.

ஆதலால் நிலச்சுவான்தார்கள், 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவெண் அச்சிடாத எந்தப் பூச்சி மருந்தையும் பூசண மருந்தையும், இலைச்சாற்றின் பெயரால் வந்தாலும், வாங்கலாகாது. கிராம அதிகாரிகள் இதனை ஊராருக்கு அறிவித்தல் நலம். ஆராய்ச்சிப் பண்ணைகள் பல பருவம் சோதித்துப் பயிருக்கும் மண்ணுக்கும் அளவு சொல்லட்டும். அதுவரை நம் நிலத்தைச் சோதனைச்சாலை ஆக்க வேண்டுவதில்லை. வேம்பின் பயனை வேண்டுவோர்க்கு, 100 லிட்டர் நீருக்கு 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஊறவைத்து வடித்த சாறு கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது.