பொன்முலாமும் பெண்குழந்தைகளும்

பாரிஸ் போய்வந்த நண்பர் ஒருவர், சிற்பி ரோடினின் காட்சிசாலையில் எடுத்த படங்களைக் காட்டிக்கொண்டே பொருமினார்: "இந்த மாளிகையைக் கெடுத்தவர்கள் கன்னியாஸ்திரீகள்தான், ஐயா! சுவரிலிருந்த பொன்முலாம் மரவேலையை எல்லாம் பெயர்த்து விற்றுவிட்டார்களாம்."

விற்றது உண்மை. கெடுத்தார்கள் என்பதைத்தான் நான் ஒப்பமாட்டேன்.

அதற்கு ஓத்தெல் பிரோன் என்று பெயர். (இட்லி கிடைக்கும் இடமல்ல, பிரபுக்களின் நகர மாளிகையை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.) 1730ஐ ஒட்டி, காகிதப் பணச் சூதாட்டத்தில் கொழுத்த ஒரு கனவான் கட்டியது. பாவம், 1732லேயே செத்துப்போனார். அந்தப் பொன்முலாம் எந்தப் பணத்தில் பூசியது என்று யாராவது கேட்டதுண்டா? கேட்கமாட்டார்கள். கலை என்று பெயர் வைத்துவிட்டால் எந்தப் பணமும் கங்கையில் குளித்துவிடுகிறது!

1820இல் திரு இருதய சபையார் அதை வாங்கிப் பெண்கள் பள்ளி நடத்தினார்கள். சபையை நிறுவிய சோபி பாரா அம்மையார் பீப்பாய் செய்கிறவரின் மகள். அண்ணன் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததால் லத்தீன் படித்தவர். அண்ணன் வாய்க்காத பெண்களின் கதி என்ன என்று அவருக்குத் தெரியாதா? நிலைக்கண்ணாடியும் சித்திரமும் படிக்கிற குழந்தைக்கு எதற்கு என்று எடுக்கச் சொன்னால், அது நாசவேலையா?

அவர்களிடம் எனக்கும் ஒரு சண்டை உண்டு. அங்கே தங்கிப் படித்தவர்கள் பெரும்பாலும் பெரிய வீட்டுப் பெண்கள். பீப்பாய்க்காரர் மகள் கட்டிய பள்ளியில் பீப்பாய்க்காரர் மகளுக்கு இடம் எங்கே? இதைக் கேளுங்கள், நானும் கூடச் சேர்ந்து கேட்கிறேன். மரப்பலகைக்காக அழாதீர்கள்.

1904இல் துறவியர் சபைகள் பாடம் நடத்தக் கூடாதென்று சர்க்கார் சட்டம் போட்டது, பள்ளி போயிற்று. காலி வீட்டை அறை அறையாக வாடகைக்கு விட்டார்கள். 1908இல் ரோடின் வந்தார். மொட்டைச் சுவரைப் பார்த்து அவர் ஓடவில்லை. நாலு அறையில் தொடங்கி வீடு முழுவதையும் பிடித்துக்கொண்டார். 1919இல் அது காட்சிசாலை ஆயிற்று. 84 வருஷம் பெண்கள் படித்த இடம் அவர் பெயராலேயே நிற்கிறது.

நண்பரின் ஆல்பத்தில் 'சிந்தனையாளன்' சிலை மட்டும் எட்டுக் கோணத்தில் இருந்தது. பள்ளிக்காக 1870களில் கட்டிய தேவாலயம் எங்கே என்று கேட்டேன்.

"அதுவா? அங்கேதானே டிக்கெட் கொடுக்கிறார்கள்!" என்றார்.