ஈயக் குண்டு சொல்லும் சாட்சி

கிரெம்ளினுக்குப் போகிறவர்கள் 1586இல் வார்த்த ஜார் பீரங்கி முன்னால் நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள். போரில் ஒருமுறைகூட முழங்காத பீரங்கிக்கு அவ்வளவு மவுசு! நான்காம் இவான் 1550இல் அமைத்த ஸ்த்ரெல்த்ஸி படையினர் தோளில் சுமந்த துப்பாக்கியோ மண்ணுக்குள் முழுசாகக் கிடைப்பது அபூர்வம். கட்டை மக்கிப்போகும், இரும்பு துருவேறும், இல்லையென்றால் கொல்லன் உலைக்குப் போகும். மிஞ்சுவது ஈயக் குண்டுதான். என்னைக் கேட்டால் பீரங்கியைவிட அதுதான் நல்ல சாட்சி. ஈயத்தை அச்சில் ஊற்றும்போது மிஞ்சும் வார்ப்புக் காம்பு நசுங்காமல் ஒட்டியிருந்தால், பெரும்பாலும் சுடாமலே கைதவறி விழுந்தது. ஒரு பக்கம் சப்பையாகியிருந்தால் எதிலோ மோதியது. எது எங்கே கிடந்தது என்று வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டே போனால், படை எங்கே நின்றது, எந்தப் பக்கம் சுட்டது என்பது துலங்கத் தொடங்கும். காலத்தைச் சொல்லவும் இடம்தான் வேண்டும்: அன்று மாஸ்கோவை அடுத்திருந்த துஷினோவில் கிடைத்த பழைய ஆயுதங்களுக்கு மதிப்பே, ஜார் பட்டத்துக்கு உரிமை கொண்டாடிய இரண்டாம் போலி திமித்ரியின் பாசறை அங்கே 1608 முதல் 1610 வரைதான் இருந்தது என்பதால். அதனால்தான் உலோகங்காட்டியோடு திருட்டுத்தனமாகத் தோண்டுகிறவர்கள்மேல் எரிச்சல் வருகிறது. 2013இலேயே ரஷ்யா சட்டத்தை இறுக்கியது. ஆனால், சட்டைப்பைக்குள் போன குண்டு எந்த மேட்டில் கிடந்தது என்று இனி யாரைக் கேட்பது?