கீரைக் கட்டு எங்கே விளைந்தது? கேட்டு வாங்குங்கள்

ஜாலான் புசார் வட்டாரத்தில் வசிக்கிறீர்களா? தேக்கா ஈரச்சந்தைக்கு நடந்தே போய்விடலாம். முருங்கைக்கீரை, தண்டுக்கீரை, புதினா, கொத்தமல்லி எல்லாம் கட்டுக் கட்டாக அடுக்கியிருக்கும். விலை கேட்போம். எந்த நாட்டில் விளைந்தது என்று கேட்போமா?

கேட்க வேண்டிய காரணம் 2018இல் அமெரிக்காவில் தெரிந்தது.

எல்லாமே குப்பைக்கு

அந்த ஆண்டின் முற்பாதியில் ரொமைன் லெட்டூஸ் கீரையால் 210 பேருக்கு ஈ.கோலி கிருமி தொற்றியது. 5 பேர் மாண்டனர். கீரை அரிசோனாவின் யூமா வட்டாரத்தைச் சேர்ந்தது. அங்குள்ள பாசனக் கால்வாய் நீரிலும் அதே கிருமி இருந்தது.

ஆண்டிறுதியில் மீண்டும் கிருமிப்பரவல். நவம்பர் 20ஆம் தேதி, எந்த ரொமைனையும் சாப்பிட வேண்டாம் என்று அதிகாரிகள் அறிவித்தனர். கிருமி இல்லாத பண்ணைகளின் கீரையும் சேர்ந்து குப்பைக்குப் போனது. பையைப் பார்த்து, அது எங்கே விளைந்தது என்று சொல்ல முடியாததே காரணம்.

ஆறே நாள்களில், அறுவடை செய்த வட்டாரத்தையும் தேதியையும் பையில் குறிப்பிடக் கீரைத் துறையினர் ஒப்புக்கொண்டனர். அதன் பிறகு எச்சரிக்கை கலிஃபோர்னியாவின் சில பகுதிகளுக்கு மட்டும் என்று சுருங்கியது.

ஆக, லேபிள் கீரையைச் சுத்தமாக்காது. பிரச்சினை வந்தால் எங்கே தேடுவது என்று காட்டும்.

சிங்கப்பூரில் எப்படி?

நம் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. பொட்டலமிட்டு இறக்குமதியாகும் உணவில் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று குறிப்பிட வேண்டும். ஆனால் உங்கள் கண்முன்னே நிறுத்துத் தரும் கீரைக்கு அந்த விதி இல்லை.

கீரை வந்திறங்கும் பெட்டியில் பண்ணையின் பெயர், முகவரி, தேதி எல்லாம் இருக்க வேண்டும். பெட்டி கடையிலேயே நின்றுவிடும். கட்டு மட்டும் உங்கள் பையில் வீட்டுக்கு வரும். யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால், கடைக்காரரின் ஞாபகமும் கொள்முதல் ரசீதும்தான் துணை.

2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், உணவு எங்கிருந்து வந்தது என்று பின்தொடரும் ஏற்பாட்டை வலுப்படுத்துகிறது. அது கட்டங்கட்டமாக நடப்புக்கு வருகிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

"அண்ணே, இது மலேசியாவா, இந்தியாவா?" என்று கேளுங்கள். தெரிந்த கடைக்காரர் என்றால் பெட்டியையே காட்டுவார்.

மசியல், பொரியல், கூட்டு எதுவானாலும் நன்றாக வேகவையுங்கள். கிருமி செத்துவிடும். வெறும் தண்ணீரில் கழுவினால் முழுமையாகப் போகாது.

பச்சையாக அரைக்கும் புதினாச் சட்னி, கொத்தமல்லிச் சட்னி, சாலட் ஆகியவற்றில் கூடுதல் கவனம் தேவை. வீட்டில் சின்னப் பிள்ளைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள் இருந்தால் புதினாவையும் கொத்தமல்லியையும் நன்றாக வதக்கி அரைப்பது பாதுகாப்பானது.

வயிற்றுப்போக்கில் ரத்தம் தெரிந்தால் காத்திருக்காதீர்கள். மருத்துவரிடம் போங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எந்தக் கடையில், எந்த நாளில் வாங்கினீர்கள் என்று சொல்லுங்கள். லேபிள் இல்லாத கீரைக்கு, தேடலைத் தொடங்கி வைப்பது நீங்கள் தரும் அந்த விவரம்தான்.