எந்த மண்டபத்து முன்னோடிகள்?

மின்னணு இசையைப் பற்றி எழுதும் நம் நண்பர்களுக்கு 1970இல் ஒசாகாவில் நடந்த உலகக் கண்காட்சி ஒரு காசி மாதிரி. அங்கே ஒரு முழுக்குப் போடாமல் கட்டுரை நகராது. மேற்கு ஜெர்மனியின் கோள வடிவ அரங்கில் ஸ்டாக்ஹவுசன் குழுவினர் மாதக்கணக்கில் வாசித்தார்கள். ஜப்பானிய எஃகு நிறுவனங்களின் அரங்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒலிபெருக்கிகளில் செனாகிஸின் இசை சுழன்றது. பெப்சி அரங்கின் ஒலியமைப்பில் டேவிட் டியூடரின் கை இருந்தது. எல்லாம் உண்மை. நானும் வாயைப் பிளந்துதான் படித்தேன்.

அதே டியூடர் முந்தைய வருஷம் எங்கே இருந்தார் தெரியுமா? அகமதாபாத்தில். 1969இல் அங்குள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சிந்தசைசரோடு ஒரு ஸ்டுடியோ அமைத்துக் கொடுத்தார். கீதா சாராபாய், அதுல் தேசாய், ஜின்ராஜ் ஜோஷிபுரா போன்றவர்கள் 1972 வரை அதில் இசையமைத்தார்கள். பிறகு நாடாக்கள் அலமாரியில் தூங்கின. லண்டனிலிருந்து பால் பர்காஸ் வந்து கேட்ட பிறகு, 2023இல்தான் அவை தொகுப்பாக வெளிவந்தன. சரண்ஜித் சிங் கதையும் இதேதான். 1982இல் பம்பாயில் டிஸ்கோ தாளத்தில் அவர் வாசித்த பத்து ராகங்களை, 2010இல் ஒரு நெதர்லாந்துக்காரர் மறுவெளியீடு செய்யும்வரை சீண்ட ஆளில்லை.

அவர்களுக்காவது நாடாவும் இசைத்தட்டும் மிஞ்சின. நம்ம ஊருக்கு வருவோம். ஒசாகா மண்டபத்தை விட்டுவிட்டுக் கல்யாண மண்டபத்துக்கு வாருங்கள். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் வரவேற்புகளிலும் ஆடி மாதக் கோயில் மேடைகளிலும் மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசித்தவர்கள் யார்? ஒருத்தர் பெயராவது தெரியுமா?

சினிமாவில் இளையராஜாவிடம் வாசித்த விஜி மேனுவலின் பெயரையே ரசிகர்கள் தேடித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. 1986இல் 'புன்னகை மன்னன்' வந்தபோது கணினி இசை என்று ஊரே பேசியது. அந்தப் பாட்டை மேடையில் எழுப்ப வேண்டியது புறநகர் கீபோர்டுக்காரரின் பாடு. ஸ்டுடியோவில் இருந்த கருவி அவரிடம் கிடையாது. கேசட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டு, கையிலிருக்கும் பெட்டியின் ஒலிகளில் ரெண்டைக் கலந்து, கிட்டத்தட்ட அதே நிறத்தைக் கொண்டுவருவார். பாடகருக்குச் சுருதி எட்டவில்லையென்றால் பாட்டு நடக்கும்போதே சமாளிப்பார். வோல்டேஜ் இறங்கினால் அதையும். கேட்டு, பிரித்து, ஒலியை மறுபடி கட்டுவது. ஸ்டுடியோவில் செய்தால் இதற்குப் பெயர் ஆய்வு!

'அது வெறும் நகல்தானே' என்பீர்கள். பாட்டு நகல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஸ்டாக்ஹவுசனோடு இவர்களைச் சேர்த்து உட்காரவைக்கும் உத்தேசம் எனக்கில்லை. ஆனால் தாம்பரத்து ஜனம் சிந்தசைசரின் ஒலியை நேரில் முதலில் கேட்டது இவர்கள் விரலில். ஒரு ஊரின் காது எப்படி மாறியது என்பது இசை வரலாறு இல்லையென்றால் வேறென்ன? 'மெஷின் சங்கீதம்' என்று முகம் சுளிக்கும் சபா ரசிகர்களும் சும்மா இருக்கலாம். மேடையில் பாடகர் பக்கத்தில் ரீங்கரிக்கும் எலெக்ட்ரானிக் தம்புராவுக்கும் பிளக் இருக்கிறது.

மின்னணு இசைச் சிறப்பிதழ் போடுகிறவர்கள் இன்னொரு மொழிபெயர்ப்புக் கட்டுரையைத் தேடும் முன் ஒரு ரெக்கார்டரோடு தாம்பரத்துக்கு ரயில் ஏறுங்கள். எந்த வருஷம் முதல் கீபோர்டு வாங்கினீர்கள், கடனா, எந்தக் கம்பெனி, யாரிடம் கற்றீர்கள், ஒரு கச்சேரிக்கு எவ்வளவு என்று கேளுங்கள். பல வீடுகளில் கச்சேரியைப் பதிவு செய்த கேசட்டுகள் பரணில் கிடக்கும். சென்னைக் காற்றின் ஈரத்தில் அவற்றில் பூஞ்சை ஏறிக்கொண்டிருக்கிறது.